நண்பகலில் எட்டு அடித்த கடிகாரம்

எங்கள் பவானிபூர் வீட்டுக்கு ஏலத்தில் எடுத்த பித்தளைக் கடிகாரம் நண்பகலில் எட்டு முறை அடித்தது. பன்னிரண்டரைக்கு ஒரே ஒரு முறை. துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் என் கணவர், "நாளைக்கே கடிகாரம் ரிப்பேர் பண்ற மிஸ்திரிய வரச் சொல்லி, ஒழுங்கா பன்னெண்டு அடிக்கிற மாதிரி மாத்திடலாம்" என்றார்.

மிஸ்திரிக்குக் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடினேன். கடிகாரம் சேர்ப்பவர்களுக்கான வெளிநாட்டு இதழ் ஒன்றின் இன்டெக்ஸ் கிடைத்தது. இறக்கிப் பார்த்தால் கட்டுரைகளே இல்லை, பழைய இதழ்களில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள் மட்டும். சலிப்போடு தள்ளிக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'நண்பகலில் எட்டு அடிப்பது: பழுதல்ல. கப்பல் கடிகாரம் பார்க்க.' 'கப்பல் கடிகாரம்' என்ற குறிப்புக்குப் போனேன். 'ஒவ்வோர் அரை மணிக்கும் ஓர் அடி கூடும். மாலுமியின் நான்கு மணி நேரக் காவல் முடிகையில் எட்டு.'

நான் கேட்கவே தெரியாமல் இருந்த கேள்விக்கு, முகம் தெரியாத யாரோ முன்பே பதில் எழுதி வைத்திருந்தார்.

கணவரிடம் காட்டினேன். "இத்தனை வருஷமா போர்ட்ல இருக்கேன். ஒரு கப்பல்லயும் ஏறினதில்லையே" என்றார்.

மிஸ்திரியை அழைக்கவில்லை. இப்போதும் நண்பகலில் எட்டு அடிக்கும்போது, அந்த வரியை எழுதியவரும் தன் காவல் நேரத்தில் எனக்காக விழித்திருந்தார் என்றே தோன்றுகிறது.