குழாயில் எரிந்த விளக்கு

"எஜே, தண்ணி கடிக்குமா?"

கைபேசியில் வந்தது யாருக்கோ பயந்து வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். மைராம்குல் அப்போது சந்தைக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் ஏணி மேல் நின்று ஒரு கருகிய ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சுவிட்ச் கடிக்குது, அடுப்பு கடிக்குது என்று, ஷாக் அடித்ததைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. முப்பத்தைந்து வருடத் தொழிலில் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"தண்ணி கடிக்காதும்மா. தண்ணிக்குப் பின்னாடி நிக்கிறது கடிக்கும். நீ யாரு?"

"ஜிபார். ஆத்தங்கரை அஞ்சு மாடிக் கட்டடம், நாலாவது மாடி. வாசல்ல உங்க நம்பர் ஒட்டியிருந்தது. எங்கிட்ட அறுநூறு சோம்தான் இருக்கு எஜே. நாளைக்கு எங்கண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போக வராரு. அதுக்கு முன்னாடி வருவீங்களா?"

"கூட்டிட்டுப் போறதுன்னா, விருந்துக்கா?"

"இல்ல. திருப்பி அனுப்புறாங்க."

மைராம்குல் ஏணியிலிருந்து இறங்கினாள்.

நாரின் நகரத்தில் எல்லாருக்கும் அவள் எஜே, அதாவது அக்கா. முதல் முறை கதவைத் திறக்கிறவர்கள் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "உஸ்தா வரலியா?" என்பார்கள். உஸ்தா என்றால் கைதேர்ந்த தொழிலாளி. அந்தச் சொல்லில் ஆண் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லார் காதிலும் அப்படித்தான் விழுகிறது. "உஸ்தா உங்க முன்னாடிதான் நிக்கிறாரு. செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லட்டுமா?" என்பாள் மைராம்குல். ஒரே வேலைக்கு ஆண் கேட்டால் ஆயிரம் சோம். அவள் கேட்டால் ஐநூறு, அதிலும் "தேநீர் குடிச்சீங்கல்ல" என்று ஐம்பது பிடித்தம்.

சோவியத் ஆட்சியின் கடைசி வருடங்களில் தொழிற்பள்ளியில் படித்து, தையல் ஆலையில் மின்பணியாளராகச் சேர்ந்தவள். ஆலை மூடியபோது மேலாளர்கள் இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்குத் தங்களுக்குத் தாங்களே விற்றுக்கொண்டார்கள். உழைத்த இருநூறு பெண்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு துணி. மைராம்குல் துணியை அங்கேயே வைத்துவிட்டு, குறட்டையும் டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அன்று முதல் முதலாளியும் அவளே, கூலியாளும் அவளே. முதல் கூலி அரை மூட்டை உருளைக்கிழங்கு. கோடையில் பாதி ஊர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போய்விடும், வேலை இருக்காது. குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓடும், ஒயர் கருகும், கைபேசி ஓயாது. அந்த நான்கு மாதம்தான் மற்ற எட்டு மாதத்துக்கும் அடுப்பெரிக்கும்.

அன்று மைனஸ் இருபத்தைந்து. அவள் நான்காவது மாடி ஏறியபோது கதவைத் திறந்தது ஜிபாரின் மாமியார் கலிப்பா.

"யாரு உன்னைக் கூப்பிட்டது?"

"உங்க மருமக."

"அவளுக்கு ஏது காசு? சரி, வந்ததுதான் வந்தே, நீயே பாத்துட்டுப் போ. நான் பொய் சொல்றேன்னு நாளைக்கு அவ அண்ணன் சொல்லக் கூடாது."

சமையலறையில் ஜிபார் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். கழுவிக் கழுவி விரல் நுனிகள் வெடித்திருந்தன. அவள் கணவன் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். தொலைபேசியில் கேட்டதற்கு, "அம்மா சொல்றபடி செய்" என்று வைத்துவிட்டான்.

"இலையுதிர் காலத்துல கல்யாணம் ஆகி வந்தா," என்றாள் கலிப்பா, ஏதோ பொருளைப் பற்றிப் புகார் கொடுப்பதைப் போல. "முதல் பனி விழுந்ததிலருந்து இந்தத் தண்ணி கடிக்குது. அவளை மட்டும். நான் தொட்டா ஒண்ணுமில்ல. எம் பொண்ணு வந்து தொட்டா ஒண்ணுமில்ல. இவ தொட்டா மட்டும் அலறிட்டு விழறா. நேத்து பீங்கான் கிண்ணம் ரெண்டு போச்சு. இதுக்கு என்னம்மா அர்த்தம்? இந்த வீட்டுத் தண்ணியே இவளை வேண்டாங்குது."

"யாரையாவது கூப்பிட்டுக் காட்டினீங்களா?"

"காட்டாம? மந்திரிக்கிற அம்மா வந்தாங்க. இவ கூடவே ஒரு ஜின் வந்திருக்குன்னாங்க. ஓதி ஊதினாங்க. ரெண்டு நாள் சரியா இருந்தது. மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

"எவ்வளவு வாங்கினாங்க?"

"மூவாயிரம் சோம், ஒரு வெள்ளைக் கோழி."

"பேரம் பேசினீங்களா?"

"அய்யய்யோ, அதுல போய் யாராவது பேரம் பேசுவாங்களா!"

மைராம்குல் மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதற்கு விலை பேசுகிறார்கள். ஜின் கண்ணுக்குத் தெரியவில்லை, கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

டெஸ்டரைக் குழாயில் வைத்தாள். அதிலிருந்த சின்ன விளக்கு எரியவில்லை. அடுப்பு, சுவர், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றிலும் வைத்தாள். ஒன்றுமில்லை.

"பாத்தியா?" கலிப்பாவின் முகத்தில் வெளிச்சம். "உன் கருவியே சொல்லிருச்சு. குழாயில ஒண்ணுமில்ல, அவகிட்டதான் இருக்கு."

ஜிபாரின் கண்கள் நிறைந்துவிட்டன. மைராம்குல் அவளைக் கவனிக்காதவள் போல, நோயாளியைக் கேட்கும் மருத்துவரின் குரலில் கேட்டாள்.

"எந்த நேரத்துல கடிக்கும்?"

"பெரும்பாலும் காலையில. தரையைத் துடைச்சு முடிச்சு வாளியை ரொப்பறப்ப."

"அப்ப கால்ல என்ன போட்டிருப்ப?"

"ஒண்ணுமில்ல எஜே. நனைஞ்சிரும்னு காலுறையைக் கழட்டி வெச்சிருவேன்."

மைராம்குல் குனிந்து கலிப்பாவின் கால்களைப் பார்த்தாள். கம்பளிக் காலுறை, அதன் மேல் விரல் தடிமன் ரப்பர் அடியுள்ள செருப்பு.

"மந்திரிச்ச பிறகு ரெண்டு நாள் கடிக்கலன்னீங்களே, அந்த ரெண்டு நாள் இந்தக் கட்டடத்துல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லியே. மூணாவது மாடி துர்தாகுன் அவங்க அக்கா வீட்டு விருந்துக்குப் போயிருந்தாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இன்னிக்கு இருக்காரா?"

"பென்ஷன் நாளு. விடியும்போதே தபால் ஆபீஸ் வரிசைக்குப் போயிட்டாரு."

அதற்கு மேல் மைராம்குல் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தாள். ஹோல்டரில் மாட்டிய சாதாரண பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர்கள். ஒன்றைக் குழாயின் கழுத்தில் சுற்றினாள். மற்றொன்றைச் சுவர் சாக்கெட்டில், மின்சாரம் திரும்பிப் போகிற ஓட்டையில் செருகினாள். பல்பு தொட்டிக்கு மேல் செத்த பூச்சி மாதிரி தொங்கியது.

"யாரும் குழாயைத் தொடாதீங்க. இனிமே காத்திருக்கிறதுதான் வேலை."

தேநீர் வந்தது. ரொட்டியும் பழப்பாகும் வந்தன. அரை மணி நேரம் போனது, ஒரு மணி நேரமும் போனது. இடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் அழைத்தார்கள். "இப்ப வர முடியாது" என்றதும் இருவரும் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். ஒயர் மாட்டினால் கூலி உண்டு, யோசித்ததற்கும் காத்திருந்ததற்கும் இன்றுவரை அவளுக்கு யாரும் ஒரு சோம் கொடுத்ததில்லை.

"தேநீர் குடிக்கத்தான் வந்தியா உஸ்தா?" என்றாள் கலிப்பா.

"பழப்பாகு நல்லா இருக்கு. உட்கார்ந்திரலாம்னு தோணுது."

கலிப்பா பழப்பாகுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவ காய்ச்சினது," என்றாள் பிறகு, அதுவும் ஒரு குற்றம் என்பது போல.

கீழே படிக்கட்டில் கனத்த காலடி ஓசை ஏறி வந்தது. ஒரு கதவு திறந்து மூடியது.

பல்பு எரிந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. வெறும் தண்ணீர்க் குழாயிலிருந்து, காலையும் மாலையும் பாத்திரம் கழுவுகிற அந்தத் துருப்பிடித்த இரும்பிலிருந்து, வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. உறைந்த சன்னல் கண்ணாடி மஞ்சளாக மாறியது. கலிப்பா இறைவன் பெயரைச் சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜிபார் மட்டும் பல்பை நோக்கி ஓர் அடி முன்னால் வந்தாள். மூன்று மாதமாகத் தன் உடம்புக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்று, இப்போது தன் உடம்புக்கு வெளியே, எல்லார் கண்ணுக்கும் தெரிய எரிவதை அவள் பார்த்தாள்.

மைராம்குலும் பார்த்தாள். எத்தனை ஆயிரம் விளக்குகளை எரியவைத்த கை! ஆனாலும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சத்தமில்லை. ஆனால் அதற்கு ஒரு நியதி உண்டு, அதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாது. மாமியார் தெரியாது, மருமகள் தெரியாது. யார் வம்சம், யார் சீர் கொண்டுவந்தது என்று கேட்காது. ஓதினாலும் நிற்காது, திட்டினாலும் நிற்காது. எங்கே வழி இருக்கிறதோ அங்கே போகும், அவ்வளவுதான். மனிதர்கள் கட்டிவைத்த ஊரில் இப்படி ஒரு நேர்மை இருக்கிறதே என்பதை அவளால் இன்றும் நம்ப முடியவில்லை.

"ஜிபார், பல்பையே பாத்துட்டிரு. அணைஞ்சா கத்து," என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்கு இறங்கினாள்.

துர்தாகுன் ஓய்வுபெற்ற பஸ் டிப்போ மேலாளர், அக்கம்பக்கத்து மூன்று கட்டடங்களுக்கும் குடியிருப்போர் தலைவன். மேல்கோட்டைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"நல்ல சமயத்துல வந்தே," என்றான். "இந்த ஹீட்டரைப் பாரு. போன வருஷம் அடுப்பு மாதிரி கொதிச்சது. இந்தக் குளிருக்கு ஏனோ சூடே ஏற மாட்டேங்குது. மட்டமான சரக்கு."

மைராம்குல் ஹீட்டரைப் பார்க்கவில்லை, அதன் ஒயரைப் பார்த்தாள். ஒரு கம்பி சாக்கெட்டுக்குப் போனது. இன்னொன்று சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் நழுவி, தண்ணீர்க் குழாயை இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரின் கண்ணைக் கட்டும் பழைய தந்திரம் இது. போன மின்சாரம் மீட்டர் பக்கம் திரும்பாமல் இரும்புக் குழாய் வழியே மண்ணுக்கு ஓடிவிடும், மீட்டர் தூங்கும். எத்தனையோ வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆனால் முதல் பனி விழுந்தபோது முதல் மாடி என்று இங்கே எண்ணப்படும் தரைத்தளத்து முடி திருத்தும் கடையில் குழாய் வெடித்தது. கடைக்காரர் ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுக்கொண்டார். விளக்கு மாட்டப் போனபோது மைராம்குலே அதைப் பார்த்திருக்கிறாள். மண்ணுக்குப் போகும் பாதை அன்றோடு அறுந்தது, ஹீட்டர் சூடேறாததும் அதனால்தான். இதே குழாயில் இணைந்த இரண்டாவது மாடி வீடும் ஐந்தாவது மாடி வீடும் பூட்டிக் கிடக்கின்றன, குடியிருந்தவர்கள் ரஷ்யாவில். துர்தாகுன் சமையலறையில் டிப்போவிலிருந்து கொண்டுவந்த தடித்த ரப்பர் பாய் விரித்திருக்கிறது. வழி தேடித் தவித்த மின்சாரத்துக்கு முன்னால், தினமும் காலையில் ஒரு பெண் ஈரக்காலோடு வந்து நின்றாள்.

"இதை எடுங்க பாய்கே," என்றாள். அண்ணனை அழைக்கும் மரியாதைச் சொல்தான், குரலில் மரியாதை இல்லை.

"எல்லாரும்தான் பண்றாங்க. எழுநூறு யூனிட்டைத் தாண்டினா என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்த விலையைத்தான் உங்களுக்குப் பதிலா மேல ஒரு பொண்ணு கொடுத்துட்டிருக்கா. இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்திருந்தா செத்திருப்பா."

அவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் எடுத்துடறேன். ரெண்டாயிரம் தரேன், மேல ஒண்ணும் சொல்லாதே. ஜின்னுன்னுதானே நெனச்சிட்டிருக்காங்க? ஜின்னாவே இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு?"

"வேற வீடு பாத்துக் கட்டிக் கொடுப்பாங்க. இதப் பாரு, நீ வாயத் திறந்தா இந்த மூணு கட்டடத்துலயும் உனக்கு ஒரு பல்பு மாட்டுற வேலைகூடக் கிடைக்காது."

மூன்று கட்டடங்கள் என்றால் நூற்றெண்பது வீடுகள். அவளுடைய குளிர்கால வருமானத்தில் ஏறக்குறைய பாதி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். குறட்டை எடுத்து, குழாயைச் சுற்றியிருந்த கம்பியை நறுக்கினாள்.

மேலே இருந்து குரல் வந்தது. காலையில் தொலைபேசியில் கேட்ட குரலா இது! படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"அணைஞ்சிருச்சு எஜே! அணைஞ்சிருச்சு!"

துர்தாகுன் சொன்ன சொல் தவறாதவன். அந்தக் குளிர்காலம் முடியும் வரை அந்த மூன்று கட்டடங்களிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை.

அன்று, நறுக்கிய கம்பியோடு அவள் மேலே வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கலிப்பா கம்பியைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப அது ஏன் என்னைக் கடிக்கல?"

"ரப்பர் செருப்பு."

"எப்பவும் செருப்போடயா இருக்கேன்?"

"இந்த மூணு மாசத்துல செருப்பில்லாம ஈரத்தரையில நின்னு எத்தனை தடவை இந்தக் குழாயைத் திறந்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

கலிப்பா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். அவள் உதடுகள் எண்ணுவது போல அசைந்தன, பிறகு நின்றுவிட்டன.

"அது இவளைத் தேடி வரலம்மா," என்றாள் மைராம்குல். "இந்த வீட்டுல வேலை செய்யுற ஒரே ஆளைக் கடிச்சுது."

கலிப்பா செருப்பைக் கழற்றினாள். பிறகு கம்பளிக் காலுறைகள். பல வருடம் வெயில் படாத வெளுத்த பாதங்கள். ஜிபார் காலையில் துடைத்து இன்னும் காயாத தரையில் அவற்றை வைத்து நின்று, கண்ணை இறுக மூடி, குழாயைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே வெகுநேரம் நின்றாள்.

மைராம்குல் தன் பல்பைச் சுருட்டினாள். கீழே கடையில் அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கு மேலும் கீழும் உள்ள இரும்பைத் தடித்த செம்புக் கம்பியால் இணைக்கும் வேலை பாக்கி இருந்தது. ஜிபார் நீட்டிய அறுநூறில் ஐநூறை எடுத்துக்கொண்டு நூறைத் திருப்பிக் கொடுத்தாள். இலவசம் என்று சொல்லவில்லை. தன் காசைக் கொடுத்துத் தன் வேலையை முடித்துக்கொண்டவள் எப்படி நிமிர்ந்து நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

கலிப்பா கைபேசியை எடுத்து, ஜிபாரின் அண்ணனைக் கூப்பிட்டாள். "நாளைக்கு வர வேண்டாம்பா. எல்லாம் சரியாயிடுச்சு. தப்பு எங்க மேல…"

"வரட்டும்," என்றாள் ஜிபார்.

கலிப்பா திரும்பிப் பார்த்தாள்.

"வரட்டும்மா. பத்து நாள் எங்கம்மாகிட்ட இருந்துட்டு வரேன். நீங்க அனுப்பி இல்ல, நானாப் போறேன். பத்து நாள் கழிச்சு வர்றதா வேண்டாமான்னு அங்க போய் யோசிக்கிறேன்."

கைபேசியில் அண்ணன் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான். கலிப்பா அதை மேசையில் வைத்துவிட்டு, காலையிலிருந்து குவிந்துகிடந்த தேநீர்க் கிண்ணங்களைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். வெறுங்காலோடு அதன் அருகில் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஐஸாக இருந்திருக்க வேண்டும், தோள் ஒரு முறை சிலிர்த்தது. தொட்டியின் இடது பக்கம் தேடினாள், வலது பக்கம் தேடினாள், அலமாரியைத் திறந்து மூடினாள்.

"ஜிபார்," என்றாள், திரும்பாமலே. "சோப்பு எங்க இருக்கு?"