டீசல் காரும் சந்தனப் பொட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, சிராங்கூன் சாலையில் ஒரு கோயில் வாசலில் நடந்தது இது. அன்றுதான் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது முப்பது வயது. மருத்துவமனையில் தாதி வேலை. வீடு செம்பவாங்கில். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மழை பெய்தால் எப்போது போய்ச் சேருவேன் என்று எனக்கே தெரியாது. அதனால் நானும் கணவரும் ஒன்றாகவே கார் ஓட்டப் பழகினோம். நான் முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். அவர் இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் பார்க்கிங் செய்யும்போது கோட்டைவிட்டார். ஆகவே வாங்கப்போகும் காரை நான்தான் ஓட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. லைசென்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது.

பெட்ரோல் காரா, டீசல் காரா? இந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டை இரண்டு கட்சியாக்கிவிட்டது.

என் கணவர் டாக்யார்டில் டீசல் இஞ்சின் பிட்டர். கப்பல் இஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி வேலை பார்ப்பவர். உலகத்தைச் சுற்றுகிற கப்பலே டீசலில்தான் ஓடுகிறது, செம்பவாங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக டீசல் போதாதா என்பது அவர் கட்சி. மழையில் பெட்ரோல் வண்டி மக்கர் பண்ணும், டீசலுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். என் அண்ணன் பெட்ரோல் கட்சி. அவர் புக்கிட் மேராவில் இருந்தார். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடைக்குப் பெட்ரோல் வேன் ஓட்டினார். டீசல் காருக்குத் தனியாக வரி கட்ட வேண்டும், புகை வரும், போதாக்குறைக்கு ஊரில் டாக்சியெல்லாம் டீசல் என்பதால், அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு டாக்சி வருகிறது என்று சனங்கள் கையைக் காட்டி நிறுத்துவார்கள் என்று கேலி செய்தார்.

ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை நடந்தது. நான் மீன் கறி பரிமாறிக்கொண்டு நிற்பேன். ஓட்டப்போகிறவள் நான் என்ற ஞாபகம் இருவருக்குமே வந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் பழைய கார் விற்கும் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், மூவரும் போனோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கார்கள். வெள்ளை பெட்ரோல், நீலம் டீசல். இரண்டையும் நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். முதலில் வெள்ளை. இஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ஆனால் கடை வாசலில் சின்ன மேடு ஒன்று இருந்தது. கிளட்சை விட்டேன், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி விட்டேன், மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது பின் இருக்கையிலிருந்த அண்ணன் முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓட்டப் பழகும் காலத்திலிருந்தே எனக்கு இருந்த பயம் இதுதான். மேட்டில் வண்டி நின்றுவிடுமோ, பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்களோ என்று கனவிலெல்லாம் வரும்.

அடுத்து நீலம். தவுக்கே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். சாவியைப் பாதி திருப்பினால் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். உள்ளே இஞ்சின் சூடாகிறது என்று அர்த்தம். விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படியே செய்தேன். கடகடவென்று வண்டியே உயிர் வந்தது போல் உதறிக்கொண்டது. கிளட்சை மெதுவாக விட்டேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக ஊர்ந்து மேட்டில் ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. வரியும் சத்தமும் என்னவோ ஆகட்டும், என்னை நடுமேட்டில் கைவிடாத வண்டி இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கணவர் ஏதோ தானே கப்பலை ஓட்டிக் கரைசேர்த்தது போல மீசையைத் தடவினார். அண்ணன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி, ஒன் இஷ்டம். ஆனா மொத நாளே நடு ரோட்ல நின்னுச்சுன்னா சாவி என் கைக்கு வந்துரணும். மாப்பிள்ளை லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்."

இருந்த உற்சாகத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது.

பூஜை போடாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்பதால், கடை ஆள் ஒருவர் ஞாயிறு காலையிலேயே காரைக் கொண்டுவந்து கோயில் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார். மத்தியானம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. நாலு மணிக்கு மழை விட்டதும் காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டும். குருக்கள் அவசரமாகச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, உள்ளே நீங்களே வைத்துவிடுங்கள் என்றார். எனக்கோ இது என் கார் என்ற பூரிப்பு. ஸ்டியரிங், கண்ணாடி, கியர் என்று ஆரம்பித்து, முன்னால் இருந்த மீட்டர், பட்டன் எதையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துக் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அண்ணி எட்டிப் பார்த்து, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு என்றார்.

மாலை போட்டாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாயிற்று. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை.

சரியாகத் திருப்பவில்லையோ என்று அணைத்து மறுபடி திருப்பினேன். எரியவில்லை. அணைத்தேன், திருப்பினேன், அணைத்தேன், திருப்பினேன். அந்த விளக்கு எந்த இடத்தில் இருந்தது என்பதே பதற்றத்தில் மறந்துவிட்டது. நடப்பது நடக்கட்டும் என்று ஸ்டார்ட் செய்தேன். இஞ்சின் உர்ர் உர்ர் என்று முனகிவிட்டு அடங்கியது. இரண்டாவது தடவை முனகல் இன்னும் பலவீனமாக வந்தது.

பின்னால் பூஜைக்கு நின்ற வண்டிகள், அதற்குப் பின்னால் போகவும் வழியில்லாமல் வரவும் வழியில்லாமல் கார்கள். ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. நான் கனவில் பயந்ததெல்லாம் கண்முன்னே நடக்கிறது. அதுவும் சாமி முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால்.

விளக்கு எரியவில்லை என்று கணவரிடம் சொன்னேன். கப்பல் இஞ்சினில் அப்படி ஒரு விளக்கே கிடையாது என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று யாரிடமோ ஸ்பானர் வாங்கி எதையோ கழற்ற ஆரம்பித்தார். மணி நாலு இருபது. அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"எறங்கும்மா. சாவியக் குடு. அப்பவே சொன்னேன், பெட்ரோல் வாங்குன்னு."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சாவியில் கை வைத்தேன்.

அப்போது மறுபக்க ஜன்னலில் ஒருவர் குனிந்தார். பின்னால் மாட்டிக்கொண்டிருந்த டாக்சியின் டிரைவர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி. நம்மூர்த் தமிழ் முஸ்லிம். ஹாரன் அடித்துத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"டீசல்தானே அக்கா? வெளக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

வரவில்லை, கெட்டுப்போய்விட்டது போல என்றேன். அவர் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் சந்தன அலங்காரத்தை வரிசையாகப் பார்த்தார். பிறகு ஒரு கையை எடுத்து, எட்டவே நின்று விரலை நீட்டினார்.

"கெட்டுப்போகல லா. அந்தப் பொட்டுக்குப் பின்னாடி இருக்கு. சாமிக்கு வெச்சது, நான் தொடக்கூடாது. நீங்களே எடுத்துக்குங்க."

நானே, என் கையாலேயே, அந்த விளக்கின் மேல் பட்டையாகச் சந்தனத்தை அப்பியிருக்கிறேன். அண்ணி வாயில் கை வைத்தார். புதுக் காரில் வைத்த பொட்டை, வண்டி நகரும் முன்பே அழிப்பதா? எனக்கும் துடைக்க மனம் வரவில்லை. விரலால் அந்தச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்படியே வழித்து என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். விரலில் ஒட்டியிருந்ததைக் கழுத்தில் தடவிக்கொண்டேன்.

கழற்றியதை இறுக்கி பானட்டை மூடுங்கள் என்று கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். இறுக்கி மூடினார். சாவியைப் பாதி திருப்பினேன். மஞ்சள் விளக்கு அழகாக எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். அணைந்தது. மிச்சமிருந்த பேட்டரி என்னைக் காப்பாற்ற வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு முழுதாகத் திருப்பினேன்.

ஒரு முனகல், இரண்டு முனகல், அப்புறம் கடகடகடவென்று சிராங்கூன் சாலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். தள்ளிவிட வேண்டியிருக்குமோ என்று பின்னால் போய் நின்ற அண்ணனின் வெள்ளை வேட்டி மேல் புகை குப்பென்று அடித்தது. கிளட்சை மெல்ல விட்டேன். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மணி நாலு இருபத்தேழு.

நன்றி சொல்லக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் தன் டாக்சிக்குள் ஏறிக்கொண்டே கையை உயர்த்தினார். அடுத்த சந்தில் திரும்பிப் போய்விட்டார். பெயர்கூடத் தெரியாது.

அண்ணன் பின்கதவைத் திறந்து அண்ணியோடு உட்கார்ந்தார். புக்கிட் மேராவில் அவர்களை இறக்கிவிட்டபோது ஜன்னலில் குனிந்து, சத்தம் ஒன்றும் மோசமில்லை என்றார். சாவியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அங்கிருந்து செம்பவாங் வரை நான் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன். வழியில் நிஜமாகவே ஒரு பெரியவர் டாக்சி என்று கை காட்டினார். கணவர் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

பிறகு எத்தனையோ கார் மாற்றிவிட்டோம். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறேன், விளக்குகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. வார்டில் புதுத் தாதிகளிடமோ, உறவுக்காரர் வீட்டிலோ ஏதாவது தவறு கண்ணில் பட்டால், நானே திருத்திவிட என் கை பரபரக்கும். உடனே பின்னால் கட்டியிருந்த அந்த இரண்டு கைகள் ஞாபகத்துக்கு வரும். இடத்தை மட்டும் காட்டிவிட்டு, வழித்தெடுப்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.