ஐம்பத்தெட்டு வயதில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, கம்போடு

கிள்ளானுக்குச் சைக்கிளில் போக வழி கேட்டு ஆள் ஆளாக என் வீட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நம் வாசகசாலையின் கையெழுத்து இதழில் எழுதி வைக்கிறேன். நான் போனது இந்த வருஷம் தை மாதம், ஜப்பான்காரன் இங்கே இருந்தபோது. இப்போது அவன் போய்விட்டான். பாதையில் பள்ளங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

போன காரணம் சிலம்பம். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாயும் நானும் இருபத்தைந்து வருஷமாகத் தையில் ஒருநாள் மோதுகிறோம். ஒரு வருஷம் அவர் இங்கே வருவார், மறுவருஷம் நான் போவேன். கம்பு நுனியில் கரி தடவி ஆடுவோம். யார் பனியனில் முதலில் கரி படுகிறதோ அவர் தோற்றவர். தோற்றால் விருந்துச் செலவோடு சரி. ஆனால் சொன்ன நாளில் வராதவரும், ஆட முடியாதவரும் அன்றோடு கம்பை வைத்துவிட வேண்டும், பிறகு தொடவே கூடாது. இளவயதில் வீம்புக்குப் பேசி வைத்தது. பாய்க்கு இப்போது அறுபது. இந்த வயதில் எங்கள் இருவரையும் காலையில் படுக்கையை விட்டு எழுப்புவது அந்தப் பேச்சுதான்.

மூன்று வருஷமாக மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அதைத் தின்றுகொண்டே தினமும் தண்டாலும் பஸ்கியும் எடுத்தேன், காலடி பழகினேன். பசியில் ஊரே சுருண்டு கிடக்கும்போது உடம்பை முறித்துக்கொள்ளும் ஒரே மனிதர் நீங்கள்தான் என்று என் மனைவி பார்வதி திட்டுவாள். திட்டிவிட்டு, ரேஷனில் கிடைத்த தேங்காயெண்ணெயை என் முழங்காலுக்கு ஒதுக்கி வைப்பாள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் இருபது மைல். விடியும்போது புறப்பட்டேன். கடிகாரம் டோக்கியோ நேரத்தில் எட்டேகால் என்றது. சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டயர் கிடைக்காத காலம், சக்கரத்தில் ரப்பர்க் குழாயை வளைத்துக் கம்பியால் கட்டியிருந்தேன். காற்று கிடையாது. ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பேசியது. பெட்டாலிங்கில் ஒரு அக்கா சோளத்தை வறுத்துப் போட்ட காப்பி விற்றாள், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி. காப்பி என்ற பெயரைத் தவிர அதில் காப்பி இல்லை. சூடாக இருந்தது, குடித்தேன்.

சிக்கல் பத்து தீகா என்ற ஊரில். அங்கே சோதனைச் சாவடி. பக்கத்தில் ஒரு லோரி நின்றது, அதில் ஏழெட்டுத் தமிழ் ஆட்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு வாட்டசாட்டமாக இருப்பவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்கு ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போனவர்கள் யார் திரும்பினார்கள்? நாற்பது வருஷம் வளர்த்த உடம்பை மறைக்க வேண்டிய நாளும் வந்ததே என்று முதுகைக் கூனினேன், இருமினேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்க் குனிந்து வணங்கினேன்.

ஜப்பான் சிப்பாய் என் சைக்கிளில் கட்டியிருந்த கம்பை அவிழ்த்தான். ஊன்றுகோல் என்று சைகை செய்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு அலட்சியமாக ஓரமாக வீசினான். மோதும் நாளில் கம்பு தரையில் விழுந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்பது எங்கள் வழக்கம். வீட்டில் அதைப் படுக்கக்கூட வைக்க மாட்டோம். நொண்டிக் கிழவன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இரண்டே எட்டில் பாய்ந்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, வேகம் அடங்க ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன், தமிழ்ப் பையன்தான், சிப்பாய் கேட்டதைத் திருப்பிச் சொன்னான்: "வயசு கேக்கிறான் பெரியவரே. எழுபதுன்னு சொல்லுங்க லா."

என் வாழ்நாளில் வயதைக் கூட்டிச் சொன்னதில்லை. லோரியைப் பார்த்தேன். "எழுபது" என்றேன். சிப்பாய் என் நரைத்த தலையையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை சுற்றச் சொன்னான். சுற்றினேன், கூன் போடாமல். அவன் தலையசைத்து வழிவிட்டான். பயந்தது உண்மை. அடுத்த மைல் முழுக்கச் சிரித்துக்கொண்டே மிதித்ததும் உண்மை.

கிள்ளானில் காதர் பாய் கட்டிலில் இருந்தார். கால்கள் இரண்டும் பெரிபெரியில் வீங்கியிருந்தன, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சுவரில் சாத்தியிருந்த தன் கம்பைக் காட்டினார்.

"நாலு பேரு பிடிச்சாத்தான் எந்திரிக்கிறேன் முத்தையா. கம்ப நீயே கொண்டு போயிடு. பேசுனது பேசுனதுதான்."

இந்த ஆள் கம்பை வைத்துவிட்டால் நான் யாருக்காகத் தண்டால் எடுப்பது?

"ஆட முடியாதவன்னுதான் பாய் பேச்சு. நிக்க முடியாதவன்னு யாரும் பேசல" என்றேன்.

கொல்லையில் இரண்டு முக்காலி போட்டோம். அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கரி தடவினோம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் நான் ஜெயித்ததெல்லாம் காலால். பாயின் மணிக்கட்டோ கொஞ்சமும் கிழடாகவில்லை. என் வீச்சைத் தட்டிவிட்டு, இடது மார்பில் பட்டென்று ஒரு கரி வைத்தார். விட்டுக்கொடுத்தேன் என்று நினைப்பவர்கள் என்னோடு ஒருமுறை முக்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். பாய் அழுதார். தோற்றதில் அவ்வளவு பெருமை எனக்கு எப்போதும் வந்ததில்லை.

மறுநாள் திரும்பும்போது சாவடியில் அந்த மொழிபெயர்ப்புப் பையன் என் பனியனில் கரியைப் பார்த்து யார் அடித்தது என்றான். நடக்க முடியாத ஒருத்தர் என்றேன். அவன் நம்பவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் பெட்டாலிங்கைத் தாண்டிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் தாவிக் குதிப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டையும் இடுப்பையும் பழக்குங்கள். எது கிடைக்காவிட்டாலும் அரிசித் தவிட்டை விடாதீர்கள். பாயை எழுப்பியது அதுதான். இப்போது கடைத்தெரு வரை நடக்கிறாராம்.

வரும் தையில் இங்கே வருவது அவர் முறை. வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார், நின்று ஆடுவதா உட்கார்ந்து ஆடுவதா என்று சொல்லவில்லை. நான் காலையில் நின்றும் சாயங்காலம் முக்காலியிலும் பழகிக்கொண்டிருக்கிறேன்.