ஏழாம் கேள்வி

காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேராசிரியரின் தலை அலுவலக அறைக்குள் நீளும். டைப்பிஸ்ட் அம்மாவின் மேசைக்கு எதிரே உள்ள முக்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுப்பார். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, வீட்டுக்கூரை ஒழுகுவது நின்றதா என்று விசாரிப்பார். ஐந்தாவது நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பாதிப் பேச்சிலேயே எழுந்து போய்விடுவார். பதினான்கு வருடமாக இப்படித்தான்.

காரணம் அவரே எழுதிய கட்டுரை. மேலாளர் தினமும் ஐந்து நிமிடம் பேசினால் பணியாளர்கள் வேலையை விட்டுப் போக நினைக்க மாட்டார்கள் என்று, பன்னிரண்டு அலுவலகங்களில் கேள்வித்தாள் கொடுத்துக் கண்டு சொன்னார். மேலாண்மை படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடம். கருத்தரங்குகளில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி அதனால்தான் கிடைத்தது.

துறைக்குள் அவருக்குப் பட்டப்பெயர் ‘மறுபடி’. “ஒரு தடவை நடந்தா அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். மறுபடி நடக்கட்டும், நம்புறேன்” என்பார். அவர் மறந்துபோன கண்ணாடியைக் கொண்டுவந்த மனைவி ஒருநாள் சொன்னார்: “கட்டிக்கிறியான்னு கேட்டார், சரின்னேன். மறுநாளும் வந்து நிக்கறார். ‘நேத்து மழை, இன்னைக்கு வெயில். இன்னைக்கும் சரிதானா?’ங்கறார்!”

அப்படிப்பட்டவர் சென்ற வருடம் தன் கட்டுரையையே மறுபடி செய்து பார்க்கப் புறப்பட்டார். முப்பது அலுவலகங்கள், அதே கேள்வித்தாள். மேலாளர் பேசினாலும் பேசாவிட்டாலும் முடிவு ஒன்றுபோலவே வந்தது. பழைய தாள்களைப் பீரோவிலிருந்து இறக்கித் தரையில் பரப்பி, தும்மித் தும்மி எண்ணினார். மூன்றாம் நாள் “ஐயையோ!” என்று ஒரு சத்தம். டைப்பிஸ்ட் அம்மா ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

“ஏழாங்கேள்வியைப் படிம்மா.”

“‘என் மேலாளர் முகத்தைப் பார்த்தாலே வேறு வேலை தேடலாம் போலிருக்கிறது.’”

“மத்த கேள்விக்கெல்லாம் அஞ்சு மார்க் போட்டா சந்தோஷம். இதுக்கு அஞ்சு போட்டா எரிச்சல். கூட்டும்போது அந்த அஞ்சை ஒண்ணுன்னு திருப்பிப் போடணும். இந்தத் தடவை திருப்பினேன், அப்போ திருப்பவே இல்லை! பேசிப் பேசி அறுத்த இடத்துலதான் அஞ்சு அஞ்சாப் போட்டிருக்கான். ஓடிடலாமான்னு இருந்தவனையெல்லாம் சந்தோஷக் கணக்குல சேர்த்திருக்கேன்!”

அதிகம் பேசாத டைப்பிஸ்ட் அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லவேளை சார், என்கிட்ட இந்தத் தாளைக் கொடுக்கலை.”

அவருக்குச் சிரிப்பு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

சிரிப்பு அவருக்கு, ஆய்விதழ்களுக்கு இல்லை. தன் தப்பை விளக்கி அவர் எழுதிய புதுக் கட்டுரையை நான்கு இதழ்கள் ‘இதில் புதிதாக ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பின. ஐந்தாவது இதழின் ஆசிரியர் அவரிடம் படித்த பெண். தொலைபேசியில் கெஞ்சாத குறை.

“சார், இதைப் போட்டா பழைய கட்டுரையை வாபஸ் வாங்கணும். உங்க பேரே அதாலதானே? யோசிச்சீங்களா?”

“ரெண்டு தடவை யோசிச்சாச்சு. என் தப்பை இன்னொருத்தன் கண்டுபிடிச்சிருந்தா மானம் போயிருக்கும். நானே இல்ல கண்டுபிடிச்சிருக்கேன்? போடும்மா!”

போன மாதம் இதழ் வந்தது. அதே தபாலில், வரவிருந்த கருத்தரங்கின் தலைமையுரைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டதாக ஒரு கடிதமும் வந்தது. அதை மடித்து, இதழில் தன் கட்டுரை இருந்த பக்கத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்.

இனி எங்கே வரப்போகிறார் என்று டைப்பிஸ்ட் அம்மா மறுநாள் முக்காலியின்மேல் கோப்புகளை அடுக்கிவைத்தார். ஒன்பதுக்குப் பத்து. தலை நீண்டது.

“சார், இதால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்களே?”

“ஆமாம்மா. துளிக்கூட இல்லை” என்றார் பெருமையாக. கோப்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “கூரை ஒழுகறது நின்னுச்சா?”

இன்றும் தினமும் வருகிறார். கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பதில்லை.