கப்பல் இல்லாத கடல்

அப்பா பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு செங்கல் என்ற ஊரில் உள்ள வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். நான் காரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. சாப்பிட்டதை மறப்பார். அம்மா இறந்ததையும் மறந்துவிட்டு, அவளைக் காணோமே என்று கேட்பார். வண்ணம் கலப்பதை மட்டும் மறக்கவில்லை.

அவர் கேட்டார் என்று, பாறசாலையில் ஒரு கடையில் கொடுத்து ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தேன். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் வரைந்த புயல்கடல். கடலும் வானமும் புகையும் ஒரே சுழலாகக் கலந்து கிடக்க, நடுவில் கையகலத்துக்கு ஒரு கப்பல்.

"இத வரைச்ச மனுசன், புயல பாக்கணும்னு தன்ன பாய்மரத்தில கெட்டச் சொன்னாராக்கும்," என்றார் அப்பா.

"நெசமாவா?"

"கதையாக்கும் மக்கா. ஆனா படத்த பாத்தா, கெட்டுப்பட்டு நின்னவன் வரைச்ச மாதிரிதான் இருக்கு."

முன்னறையில் உட்கார்ந்து அதைப் பார்த்து வரையத் தொடங்கினார். முதலில் கப்பல் அச்சுப்படத்தில் இருந்தது போலவே வந்தது. பிறகு, நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அலை கொஞ்சம் ஏறியிருப்பதாகத் தோன்றியது. திருத்துகிறார் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் பார்த்தால் கப்பலே இல்லை.

"கப்பல் எங்கப்பா?"

"தாந்து போச்சு."

"நீங்கதானே அழிச்சிய?"

"நான் தொடல்ல மக்கா," என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகத்திடுக்கில்கூட வண்ணம் இல்லை. தூரிகைகள் காய்ந்து விறைத்திருந்தன. கப்பல் இருந்த இடத்தைத் தொட்டேன். சாம்பல் நிறம் ஈரமாக என் விரலில் ஒட்டியது. வரைந்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பார், மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த அறையில் விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே வாரம், வேலையில் இருந்தபோது எங்கள் முக்கு ஆட்டோக்காரர் போன் செய்தார்.

"அக்கா, ஒங்க அப்பா சாற பொழியூர்ல எறக்கிட்டேன். கடல் பாக்கணும்ணு பிடிவாதம். ஆனா இங்க கள்ளக்கடல் ஏறுது. திரும்பிப் பாக்கும்ப சாற காணல்ல. நீங்க சீக்கிரம் வாருங்க."

கள்ளக்கடல் என்றால் காற்றும் மழையும் இல்லாமல், நல்ல வெயிலிலேயே ஓசைப்படாமல் ஏறி வரும் கடல். ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது வானம் கழுவித் துடைத்தது போல நீலமாக இருந்தது. கரையோர வீடுகளில் ஆள் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்து, பிளாஸ்டிக் நாற்காலியை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரரும் நானும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். கடைசி வீட்டுக்கு அப்பால் ஒரு தென்னையில் அப்பா சாய்ந்து நின்றார். முழங்கால்வரை தண்ணீர். கிட்டே போனபோதுதான் அவர் சாய்ந்து நிற்கவில்லை, கட்டப்பட்டு நிற்கிறார் என்று தெரிந்தது. நெஞ்சிலும் இடுப்பிலும் நீல நைலான் கயிறு பல சுற்று. முடிச்சு மரத்தின் பின்பக்கம் இருந்தது. அப்பாவின் வலது கை பல வருடமாகப் பின்னால் போகாது. சட்டையைக்கூட நான்தான் மாட்டிவிடுவேன்.

ஆட்டோக்காரர் முடிச்சோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, திறந்து கிடந்த வீட்டிலிருந்து வெட்டுக்கத்தி எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். அப்பா பயந்தவராகவே தெரியவில்லை. கண் இமைக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருப்பா கெட்டினது?"

"நான் கேட்டேன், கெட்டித்தந்தாரு."

"ஆரு?"

"அவருக்கு நம்ம பேச்சு புரியல்ல மக்கா. கையால காட்டினேன்."

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அப்பாவைத் தூக்காத குறையாக நடத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம்.

காய்ச்சல் வந்து குணமானபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பொழியூர் ஆட்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்தக் கடைசி வீட்டுக்காரியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"கயறு எங்களுக்க வலைக்கயறாக்கும்," என்றாள். "ஆனா நாங்க எல்லாரும் காலத்தே போயாச்சு. ஒரு பூச்சி கெடையாது அங்க. அந்தத் தெங்கும் அண்ணைக்கு சாயங்காலமே கடல்ல போச்சு, பாத்துக்கிடுங்க."

நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். முற்றத்து வாழையையும் பூனையையும் வரைந்தார். கடலுக்குப் போக வேண்டும் என்று பிறகு கேட்கவே இல்லை. ஒரு மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வழி தவறிய வெளியூர்க்காரர் யாரோ வந்திருப்பார், கிழவர் அடித்துச்செல்லப்படாமல் இருக்கட்டும் என்று கட்டிவிட்டு உதவிக்கு ஆள் தேடிப் போயிருப்பார் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். அப்படி ஒருவர் அன்று ரோட்டுக்கு ஏறி வந்ததை ஆட்டோக்காரர் பார்க்கவில்லை. கரையிலிருந்து ரோட்டுக்கு ஏற, ஆட்டோ நின்ற அந்த வழியைத் தவிர அங்கே வேறு வழியும் இல்லை.