லாஸ் பதினாறு

1. போன்

"ஏம்மா, லோகு வண்டியில பதினாறு ஹெச்பி லாஸுன்னு நீதான் எழுதிக் குடுத்தியா?"

சித்தூரிலிருந்து டில்லிபாபு போனில் கேட்ட முதல் கேள்வி இது. தன் பெயரைச் சொன்னார், உடனே இதைக் கேட்டார். நடுவில் ஒரு வணக்கம்கூட இல்லை.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் நான் டைனோ ஆபரேட்டர். காரை ரோலர் மேல் ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டி, அதன் ஹெச்பியை அளக்கும் மெஷினுக்குத்தான் டைனோ என்று பெயர். டில்லிபாபு சித்தூரில் சொந்தக் கடை போட்டு டீசல் கார்களுக்கு ரீமேப் செய்துகொண்டிருந்தார். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமை மாற்றி, கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பவர் எடுப்பது ரீமேப். கடை திறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

"நான் எழுதலண்ணா, மெஷின் அளந்துது. ஆனா அது நீங்க நெனைக்கிற லாஸ் இல்ல."

"நான் இன்னா நெனைக்கிறேன்றது கெடக்கட்டும். சித்தூர் முழுக்க லாஸு லாஸுன்னு சொல்லிக்கினு திரியிறானுங்களே, அவனுங்களுக்குச் சொல்லு போ," என்று சொல்லி வைத்துவிட்டார்.

2. ரோலர் மேல் லோகுவின் கார்

அந்த லாஸ் வரி இருந்த ஷீட்டை நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. லோகு என்கிற லோகநாதன் சித்தூர் மாவட்டத்து விஜயபுரத்துக்காரர். அவர்கள் குடும்பத்துக்குக் கடலை மண்டி இருக்கிறது. டில்லிபாபுவும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். புதுக் கடையில் முதன்முதலாக ரீமேப் ஆன கார் லோகுவுடையதுதான். "இருபது ஹெச்பி ஏத்திக் குடுக்கிறேன்டா" என்று டில்லிபாபு சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று லோகு தனியாகத்தான் வந்திருந்தார். சித்தூர் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ, "இருபதாவது ஒண்ணாவது, டைனோல ஏத்திப் பாரு" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். நண்பனிடம் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டார்.

"ஆபரேட்டர் எங்கமா?" என்று என்னிடமே கேட்டார்.

"நான்தாண்ணா."

"நீயா ஓட்டப்போறே?"

"ஓட்டுறதும் நான்தான். ஷீட்டுல வர்ற பேரும் என்துதான்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். ஷீட்டின் அடியில் ஆபரேட்டர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகி வருவதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இன்றும் கஸ்டமர் கையில் கொடுப்பேன்.

டயர் பிரஷர் சரிபார்த்தேன். பெல்ட்டுகளை இறுக்கினேன். முன்னால் பெரிய ஃபேனை ஓடவிட்டேன். நாலாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சின் உச்சத்துக்குப் போனதும் கிளட்சை மிதித்து, ரோலர் தானாக ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்தேன். இந்த ஓயும் நேரம்தான் முக்கியம். கியர் பாக்ஸும் டயரும் ரோலரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பதை மெஷின் அப்போதுதான் அளக்கிறது. ஒரே மாதிரி மூன்று ரன் வந்த பிறகு பிரிண்ட் போட்டேன்.

வீல் பவர் 81. லாஸ் பவர் 16. எஞ்சின் பவர் 97.

லோகுவின் முகம் சுருங்கிவிட்டது. "கம்பெனியே எழுபத்தஞ்சு குடுத்துக்கிறான். இவன் ஏத்தினது ஆறுதானா?"

"இல்லண்ணா. கம்பெனி சொல்ற எழுபத்தஞ்சு எஞ்சின்ல அளந்தது. எண்பத்தொண்ணு சக்கரத்துல அளந்தது. ரெண்டையும் கழிக்கக் கூடாது. உங்க நெலத்துல போர் மோட்டார் இருக்குது இல்ல?"

"அஞ்சு ஹெச்பி."

"பிளேட்டுல அஞ்சுன்னு போட்டுக்கிறான். அவ்ளோவும் தண்ணியா வந்து வுழுதா? நடுவுல பைப்பு துன்னுது, பெண்டு துன்னுது, வால்வு துன்னுது. அதே மாதிரிதான், இங்க கியர் பாக்ஸும் டயரும் துன்னுறது பதினாறு. அதையும் சேத்தா எஞ்சின்ல தொண்ணூத்தேழு. அதத்தான் எழுபத்தஞ்சோட வெச்சிப் பாக்கணும்."

"ஆமாமா, புரியுது புரியுது," என்றார்.

"ரீமேப்புக்கு முன்னாடி எங்கியாவது ரன் எடுத்தீங்களாண்ணா?"

"இல்லியே."

"அப்போ இது பாதிதான். இதே மெஷின்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்தாதான் எவ்ளோ ஏறிச்சின்னு அடிச்சிச் சொல்ல முடியும்."

அதற்கும் தலையாட்டினார். ஷீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

3. கடலை மண்டி

ஷீட் போய்ச் சேர்ந்த இடம் மண்டி. லோகுவின் பெரியப்பாதான் அங்கே எல்லாம். கடலை வாங்குவதும் விற்பதும் அவர் வாழ்க்கை. அவரைப் பொறுத்தவரை லாஸ் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. தமிழில் பேசினாலும் தெலுங்கில் பேசினாலும் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் கிடையாது.

"எழுபத்தஞ்சு எண்பத்தொண்ணாச்சி. ஆறு ஏத்திக்கினு பதினாறு லாஸ் பண்ணிக்கிறான். இவன்கிட்ட எதுக்குடா வண்டிய வுட்டே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

நான் சொன்ன போர் மோட்டார் கணக்கு லோகுவுக்கு அப்போது நினைவில் இருந்ததாம். பெரியப்பா எதிரில் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லையாம். பக்கத்தில் இருந்த ஒருவர் ஷீட்டைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார். 97 என்ற வரி மடிப்புக்குள் போய்விட்டது. படத்தில் தெரிந்தது 81-ம், லாஸ் 16-ம், அடியில் என் பெயரும்தான்.

குரூப்பில் யாரோ "டில்லிபாபு இல்ல, லாஸ்பாபு" என்று எழுத, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. டீக்கடையில் நின்றால் பின்னாலிருந்து, "லாஸ்பாபு, டீயிலயும் பாதிய லாஸ் பண்ணிட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ரீமேப்புக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். எனக்குப் போன் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

குரூப்பில் ஒரு விளக்கம் போடலாமா என்று எங்கள் ஓனர் சுதாகர் சாரிடம் கேட்டேன். அவர் தெலுங்குக்காரர்.

"மனகெந்துக்கம்மா, நமக்கு எதுக்கு? அளந்தோம், குடுத்தோம். அவங்க சண்டை அவங்களுக்கு," என்றார்.

நான் லோகுவுக்கே நீளமாக எழுதி, முழு ஷீட்டையும் திரும்ப அனுப்பி, குரூப்பில் போடச் சொன்னேன். "போட்றேம்மா" என்று பதில் வந்தது. அவர் போடவில்லை. பெரியப்பா சொல்கிறார் என்று காரை டில்லிபாபுவிடமே கொண்டுபோய், பழைய கம்பெனி புரோகிராமையே போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். டில்லிபாபுவும் அப்படியே போட்டுக் கொடுத்தாராம்.

4. இரண்டாவது ஷீட்

சில மாதம் கழித்து லோகு மறுபடியும் வந்தார்.

"பலமனேர் மேட்டுல ஒரு லாரிய தாண்ட முடியலமா. உசுரே போய்ட்ட மாதிரி இருக்குது வண்டி. முன்னாடி எப்பிடி போய்க்கினு இருந்துச்சி! இன்னா ஆச்சின்னு பாரு."

அதே ரோலர், அதே கியர், அதே டயர் பிரஷர். வீல் பவர் 60. லாஸ் பவர் 16. எஞ்சின் பவர் 76. கம்ப்யூட்டரில் இருந்த பழைய ரன்னையும் எடுத்து இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் விரல் நேராக நடு வரிக்குப் போனது.

"லாஸ் அப்பிடியே இருக்குதேமா?"

"கியர் பாக்ஸும் அதேதான், டயரும் அதேதானேண்ணா. யார் கை வெச்சாலும் வெக்காட்டியும் அது துன்னுறத துன்னும்."

"அப்போ டில்லி ஏத்தினது?"

"இருபத்தொண்ணு. சொன்னத விட ஒண்ணு கூடவே."

லோகு அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். "நீயே அவனுக்குப் போன் போடுமா. நான் போட்டா எடுக்க மாட்டான்," என்றார். டில்லிபாபு கடையைக் காலி செய்துவிட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு ஷீட்டையும் வரி வரியாகப் படித்தேன்.

"தெரியும்மா," என்றார் டில்லிபாபு.

"எது தெரியும்ணா?"

"இருபதுக்கு மேல வரும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ உன் வேலைய சரியாத்தான் செஞ்சிக்கிறே, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா அவன் என்னைத்தான கேட்டிருக்கணும்? வாடா, ரெண்டு பேரும் போய் அளக்கலாம்னு கூப்ட்டிருந்தா நானே வண்டிய ஓட்டிக்கினு வந்திருப்பேன். எனக்குத் தெரியாம மெஷின கேக்கப் போனான் பாரு, அதாம்மா."

லோகு எழுந்து வந்து, "டில்லி, நான்தாண்டா," என்றார்.

"பஸ் வந்துட்டுதும்மா, வெச்சிடறேன்," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லோகு அன்றே இரண்டு ஷீட்டையும் குரூப்பில் போட்டார். நாலைந்து பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். அதோடு சரி.

5. இப்போது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீல் பவரைக் கம்பெனி எண்ணோடு ஒப்பிடவிடாதீர்கள். முன்னால் ஒரு ரன் இல்லாமல் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு ஊர் டைனோவில் வந்த எண்ணை இன்னொரு ஊர் டைனோவோடு சண்டைக்கு விடாதீர்கள். லாஸ் என்ற சொல்லை சாஃப்ட்வேரில் மாற்ற முடியவில்லை. அதனால் அந்த வரியின் பக்கத்தில் 'கியரும் டயரும் எடுத்துக்கொள்வது' என்று தமிழிலும் தெலுங்கிலும் கையால் எழுதித் தருகிறேன்.

இவையெல்லாம் எண்ணைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. அதனால் ரோலரில் ஏற்றும் முன் நான் ஒன்று கேட்கிறேன்: "வேல பண்ணவர் யாருண்ணா? அவரையும் கூட்டிக்கினு வாங்களேன்." சிலர் முறைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். சுதாகர் சார் அதற்காக என்னைத் திட்டுகிறார். சிலர் மட்டும் மெக்கானிக்கோடு திரும்பி வருகிறார்கள். இரண்டு பேரும் டைனோ அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ரோலர் சத்தத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டு, ஸ்கிரீனில் கோடு ஏறுவதைப் பார்க்கிறார்கள்.

லோகுவும் அன்று அப்படி வந்திருந்தால், தொண்ணூற்றேழு வந்ததும் டில்லிபாபுதான் முதலில் துள்ளிக் குதித்திருப்பார்.