டாக்டரம்மா சொன்ன ‘ஸ்டேபிள்’

ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போவதுதான் மனுவேலின் பிழைப்பு. அன்று காலை அவன் மனைவி ஜோவிதா அடுப்படியில் வாய் கோணிச் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனவர்கள் மத்தியானம்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். “இப்போதைக்கு ஸ்டேபிளா இருக்காங்க” என்றார். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

பந்தயக் குதிரைகளுக்குத் தீனி போட்ட காலத்திலிருந்தே ஸ்டேபிள் என்றால் மனுவேலுக்குக் குதிரை லாயம்தான். மனுஷியைப் பார்த்து எதற்கு லாயம் என்கிறார்கள்? இனி தேறாது என்று ஓர் ஓரமாகப் போட்டுவிட்டார்களோ? யாரிடமாவது கேட்கலாமென்றால் கூச்சம் தடுத்தது.

குன்னூரிலிருந்து ஜோவிதாவின் தம்பி டக்ளஸ் ஓடிவந்தான். பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன். இப்போது பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். அவனிடம்தான் மனுவேல் வாய்விட்டுக் கேட்டான்.

“இது வேற ஸ்டேபிள் மாமா. நிலையா இருக்காங்கன்னு அர்த்தம்.”

“சொல்லு ஒண்ணாத்தானே இருக்குது?”

“வேரு ஒண்ணுதான். லத்தீன்ல ‘ஸ்தாரே’ன்னா நிக்கிறது. மாடு, குதிரை நிக்கிற எடம் ‘ஸ்தாபுலும்’. ஆடாம நிக்கிறது ‘ஸ்தாபிலிஸ்’. இங்கிலீஷுக்கு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரி ஆயிருச்சு.”

“நோவு கண்ட குதிரையும் ஆடாமத்தான் நிக்கும் மாப்ளே. திடீர்னு படுத்துரும்.”

மனுவேல் எழுந்துபோய்க் கதவருகே நின்ற நர்ஸ் கெஸியாவிடம் கேட்டான். “ஏனுங்க சிஸ்டர், நிக்குதுன்னா தேறிருவாளா, இல்ல அப்படியேதானா?”

“மோசமாகலீங்க. இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும். நாளைக்குப் பார்க்கலாம்.”

சாயங்காலம் ஆஸ்பத்திரி நடைக்குள்ளேயே மூடுபனி வந்துவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் மனுவேல் திடுக்கிட்டு எழுந்தான்.

மறுநாள் ஜோவிதா கண் திறந்தாள். இடது கை எழவில்லை. வார்டுக்கு மாற்றினார்கள். டக்ளஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மனுவேல் கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டான்.

“காப்பி” என்றாள் ஜோவிதா, குழறலாக.

கொடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. விழுங்கும்போது புரையேறிவிட்டால்? அவன் கெஸியாவைத் தேடி ஓடினான்.